மே மாசமா, செப்டம்பரா? அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஆர்ல் போறோம்

தேரூர் குளத்தங்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். என் மகள் பிரான்சுல மோன்பெல்லியேல படிக்கா. அவ படிப்பு முடியிறதுக்குள்ள அப்பாவையும் அம்மாவையும் ஒரு தடவை கூட்டிட்டுப் போயிட்டு வரணும்னு எனக்கு ஆசை. அப்பாவுக்கு எழுபது தாண்டியாச்சு. இன்னைக்கும் விடியக்காலையில வயல் வரப்புல நடந்துட்டு வந்தாத்தான் காப்பி இறங்கும். அம்மா மண்டைக்காட்டுக் கொடைக்கு வருசம் தவறாமப் போறவங்க. இவங்க ரெண்டு பேரையும் பாரிசுல ஈபிள் டவர் முன்னால நிறுத்திப் படம் எடுத்துட்டுத் திரும்புறதுல எனக்கு மனசில்லை. ஒரே ஊர்ல பத்துநாள் இருக்கணும், அந்த ஊர்க்காரங்க எப்படி வாழுறாங்கன்னு பாக்கணும்.

மகள் சொன்ன ஊரு ஆர்ல். அவ இருக்க இடத்துல இருந்து ரயில்ல ஒரு மணி நேரம் சொச்சம். ரோமர் கட்டின வட்ட அரங்கம் இருக்கு, ஊரைத் தாண்டினா நெல் வயலுன்னு சொன்னா. நெல்லுன்னு கேட்ட உடனே அப்பா நிமிந்து உக்காந்துட்டாங்க. அம்மாவுக்கு அவ ஒரு வீடியோ அனுப்பினா. பக்கத்துக் கடற்கரை ஊர்ல கறுத்த முகமுள்ள ஒரு அம்மன் மாதிரி சிலையைத் தோள்ல தூக்கிக் கடலுக்குள்ள கொண்டு போறாங்க. அம்மா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்காங்க.

இப்போ குழப்பம் என்னன்னா, அந்தக் கடல் திருவிழா மே மாசம். அரிசித் திருவிழா செப்டம்பர். ரெண்டுக்கும் போக வசதியில்லை. எது நல்லது? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, படி ஏறி இறங்கக் கஷ்டம். அப்பாவுக்கு ராத்திரி சோறு இல்லாம முடியாது. மாட்டை வச்சு ஏதோ விளையாட்டு நடக்கும்னு மகள் சொன்னா, அதையும் கொஞ்சம் விளக்குங்க. விசா பத்தித் தெரிஞ்சவங்களும் சொல்லுங்க.


வடசேரி சந்தைக்காரர் எழுதியது:

விசா மட்டும் நான் சொல்லுதேன். எங்க அக்கா குடும்பத்துக்கு எல்லாம் எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

நீங்க எடுக்க வேண்டியது ஷெங்கன் குறுகிய கால விசா, பிரான்சு உட்பட பல ஐரோப்பிய நாட்டுக்குப் பொதுவான விசா அது. பயணத் தேதிக்கு ஆறு மாசம் முன்னாலயே விண்ணப்பிக்கலாம். கடைசி 15 நாளுக்குள்ள போனா எடுக்கமாட்டாங்க. கட்டணம் பெரியவங்களுக்கு 90 யூரோ, அதுபோக விண்ணப்பம் வாங்குற மையத்தோட சேவைக் கட்டணம். மருத்துவக் காப்பீடு குறைஞ்சது 30,000 யூரோவுக்கு இருக்கணும். வயசானவங்களுக்குப் பிரீமியம் கூடும், அதை முதல்லயே கணக்குல வச்சுக்கிடுங்க. கைரேகை எடுக்க ரெண்டு பேரும் நேர்ல போகணும்.

அப்பா விவசாயி. சம்பளச் சீட்டு இருக்காது. அதனால பட்டா, தீர்வை ரசீது, நெல் விற்ற பணம் வங்கியில விழுந்த கணக்கு, இதையெல்லாம் ஒழுங்கா அடுக்கி, ஆங்கிலத்துல ஒரு பக்கக் கடிதத்தோட வைங்க. திரும்பி வர ஊர்ல நிலமும் வேலையும் இருக்குன்னு அவங்களுக்குத் தெரியணும். மகள் மாணவி, சின்ன அறையிலதான் இருப்பா. அங்க தங்குறோம்னு காட்டப் போனா நகராட்சியில அழைப்புப் பத்திரம் வாங்கணும், வீட்டு அளவு வரைக்கும் பாப்பாங்க. தங்குமிட முன்பதிவையே காட்டிருங்க, அதுதான் லேசு.


புத்தளத்துக்காரன் எழுதியது:

தங்கச்சி, நான் புத்தளம். எங்கப்பா உப்பளத்துல பாத்தி மிதிச்சவங்க. ஃபோஸ் துறைமுகத்துப் பக்கம் வெல்டிங் வேலைக்கு வந்தேன், பிறகு குடும்பத்தையும் கூட்டிட்டு வந்து ஆர்ல்லயே தங்கிட்டேன். அதனால இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாவே பதில் எழுதுதேன்.

முதல்ல நான் ஒண்ணு கேக்கேன். செப்டம்பர்ல அப்பாவை வீட்டை விட்டுக் கிளப்ப முடியுமா? கன்னிப்பூ, அதான் முதல் போக நெல்லு, அறுப்பு முடிஞ்சும் முடியாமலும் இருக்க நேரம், உடனே ரெண்டாம் போகமான கும்பப்பூவுக்கு வயலைப் பாக்கணும். இங்க வந்தாலும் மனசு தேரூர் வயல் ஏலாவுலதான் கிடக்கும். மே கடைசின்னா அந்தப் பிரச்சினை இல்லை. பேச்சிப்பாறை அணையில வழக்கமா ஜூன் தொடக்கத்துலதான் தண்ணி திறப்பாங்க. அதுக்கு முன்னால ஊர் திரும்பிறலாம்.

வயல் விசயத்துக்கும் மே மாசமே நல்லது, ஏன்னு சொல்லுதேன். ஆர்ல்லுக்கு வடக்க ரோன் ஆறு ரெண்டாப் பிரியுது. அந்த ரெண்டு கிளைக்கும் நடுவுல கடல் வரைக்கும் கிடக்க பூமிக்குக் காமார்க்னு பேரு. அதுல பெரும்பங்கு ஆர்ல் ஊராட்சிக்குள்ளதான். இந்த ஒரு ஊரோட பரப்பு கிட்டத்தட்ட 759 சதுர கிலோமீட்டர், நம்ம கன்னியாகுமரி மாவட்டம் முழுசும் 1,672. சனம் 50,000 பேர்தான். அதனால ஊரைத் தாண்டினா வெட்டவெளி.

அந்த மண்ணுல உப்பு. கடல் மட்டத்துக்கு ஒட்டிக் கிடக்க நிலம், வெயில் ஏற ஏற அடியில கிடக்க உப்பு மேல வரும். ரோன் ஆத்துத் தண்ணியை இறைச்சு வயல்ல நிறுத்தினா அந்த உப்பை அது கீழ தள்ளிரும். நெல்லுக்குத் தண்ணி நிக்கணும், மண்ணுக்கும் தண்ணி நிக்கணும். நெல்லு போட்ட நிலத்துலதான் அடுத்த வருசம் கோதுமை வரும். நெல்லை நிறுத்தினா உப்பு திரும்பவும் மேல ஏறிரும். அப்பாகிட்ட இதைச் சொல்லுங்க, அவங்க உடனே புரிஞ்சுக்கிடுவாங்க. நாத்து நடவு இங்க இல்லை. ஏப்ரல் கடைசியில இருந்து மே வரைக்கும் நேரடி விதைப்பு. மே கடைசியில வந்தா கண்ணுக்கு எட்டுற தூரம் தண்ணி நின்னு, அதுல பச்சை அப்பத்தான் தலை தூக்கும். கொக்கும் நாரையும் நடுவுல நிக்கும். செப்டம்பர்ல வந்தா பெரிய அறுவடை இயந்திரம் ரோட்டுல நின்னு பாக்கதுக்குள்ள ஒரு வயலை முடிச்சிட்டுப் போயிரும். வரப்புல நின்னு பேச ஆள் கிடைக்காது.

இன்னொரு விசயம் அப்பாவுக்குச் சொல்லணும். இந்த நெல் விவசாயத்தைத் திரும்ப எழுப்பி விட்டவங்க வியட்நாம்காரங்க. ரெண்டாம் உலகப்போர் தொடங்கின நேரம் பிரெஞ்சு அரசு இந்தோசீனாவுல இருந்து சுமார் 20,000 பேரை வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்குக் கட்டாயமாக் கப்பல்ல ஏத்திக் கொண்டு வந்தது. பிரான்சு தோத்த பிறகு அவங்கள்ல கொஞ்சம் பேரை 1941-ல் இங்க நெல் பயிரிட விட்டாங்க. நெல் வேலை தெரிஞ்சவங்க அவங்க. ரொம்ப காலம் அவங்க பேரை யாரும் எடுக்கலை. 2014-லதான் சலேன் த ஜிரோவுல அவங்களுக்கு நினைவுச்சின்னம் வச்சாங்க. அந்த வழியாப் போனா வண்டியை நிறுத்தி இறங்கிப் பாருங்க. பிறந்த ஊரை விட்டு வேலைக்கு வந்தவன் நான், எனக்கு ரோமர் கட்டடத்தை விட அந்த இடம் பெருசு.

சலேன் த ஜிரோவுல உப்பளமும் உண்டு. பாத்தித் தண்ணி இளஞ்சிவப்பா இருக்கும், உப்புத் தண்ணியில வளருற ஒரு பாசியால வர்ற நிறம் அது. உப்பு வாருறது ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர்ல. மே மாசம் வந்தா நிறத்தைப் பாக்கலாம், வாருறதைப் பாக்க முடியாது. அது ஒண்ணுதான் மே மாசத்துக்குள்ள குறை.

இனி அம்மாவோட விசயம். அந்த ஊருக்குப் பேரு சேன்த் மரி த லா மேர், ஆர்ல்ல இருந்து 40 கிலோமீட்டருக்குள்ள. பஸ் இருக்கு. மே 24, 25 ரெண்டு நாளும் திருவிழா. பிரான்சு, ஸ்பெயின்னு பல இடத்துல இருந்து ஜிப்சி சனங்க வண்டியும் வீடுமா வந்து கடற்கரை ஓரம் தங்கிருவாங்க. இவங்களோட முன்னோர் பல நூற்றாண்டுக்கு முன்னால வட இந்தியாவுல இருந்து கிளம்பினவங்கன்னு அவங்க பேச்சை வச்சு அறிஞர்கள் நிறுவியிருக்காங்க. அம்மாவைச் சேலையில பாத்தா நாலு பேரு வந்து கையைப் பிடிச்சுப் பேசுவாங்க, பாத்துக்கிடுங்க. என் வீட்டுக்காரிக்கு அப்படித்தான் நடந்தது.

24-ந் தேதி மதியம் கழிஞ்சு கோயிலுக்குள்ள பூசை. கோட்டை மாதிரிக் கட்டின கோயில், சன்னல் ரொம்பக் குறைவு. உயரத்துல ஒரு மாடம். அதுல இருந்து, அந்தக் கோயில் யாருக்காக எழுந்ததோ அந்த ரெண்டு மரியாள்களோட பேழையைக் கயித்துல கட்டி மெள்ள மெள்ள இறக்குவாங்க. கயிறு நெடுக இடைவெளி விட்டுப் பூங்கொத்து கட்டியிருக்கும். பேழை ஒரு முழம் இறங்கும், நிக்கும், பாட்டு ஏறும், திரும்ப ஒரு முழம். கீழ நிக்கவங்க மெழுகுதிரியைத் தூக்கிப் பிடிச்சிருப்பாங்க, பிள்ளைகளைத் தலைக்கு மேல தூக்கிக் காட்டுவாங்க. கைக்கெட்டுற உயரம் வந்ததும் எல்லாக் கையும் ஒண்ணா நீளும். பிறகு சாராவை, அம்மா வீடியோவுல பாத்த கறுத்த முகச் சிலை அதுதான், தோள்ல ஏத்திக் கடலுக்குக் கொண்டு போவாங்க. முன்னாலயும் பக்கத்துலயும் வெள்ளைக் குதிரையில மாட்டுக்காரங்க. குதிரையோட தண்ணிக்குள்ள இறங்கி அரைவட்டமா நிப்பாங்க. தூக்குறவங்களுக்கு இடுப்பளவு தண்ணி. சாராவைக் கடல் பக்கமாப் பாக்க வச்சு நிறுத்தின உடனே ‘வீவ் சேன்த் சாரா’ன்னு, புனித சாரா வாழ்கன்னு, ஒரு சத்தம் எழும்பும். மறுநாள் 25-ல் ரெண்டு மரியாள்களையும் வள்ளத்துல வச்ச கோலத்துல அதே மாதிரி கடலுக்குக் கொண்டு போவாங்க.

தங்குறது ஆர்ல்ல வைங்க. அந்த நாள்ல கடற்கரை ஊர்ல அறை கிடைக்கிறதே கஷ்டம். அடுப்பு வசதியுள்ள வீடா வாடகைக்கு எடுங்க. காமார்க் அரிசி எல்லாக் கடையிலயும் உண்டு. சிவப்பரிசியும் கிடைக்கும், வேகக் கூடுதல் நேரம் எடுக்கும், அப்பாவுக்குப் பிடிக்கும். சனிக்கிழமை காலையில பூல்வார் தே லீஸ் ரோட்டுல பெரிய சந்தை கூடும். மீன், காய், ஒலிவம் எல்லாம் அங்க வாங்கலாம். நம்ம மசாலாப்பொடியும் புளியும் ஊர்ல இருந்தே எடுத்துட்டு வாங்க. தெல்லீன்னு சின்னதா ஒரு சிப்பி உண்டு, பூண்டும் பார்ஸ்லியும் போட்டு வதக்குவாங்க. நம்ம கடற்கரை ஆளுங்க ஒரு தட்டோட நிறுத்தமாட்டாங்க.

ரெண்டு எச்சரிக்கை. மிஸ்ட்ரால்னு வடகாத்து. ஆத்துப் பள்ளத்தாக்கு வழியா நேரா இறங்கி வரும், மே மாசத்துலயும் வந்தா அப்பா அம்மாவுக்குக் கம்பளிச் சட்டை வேணும். இன்னொண்ணு கொசு. வயலுக்குப் போறப்போ முழுக்கை போடுங்க.


கடியபட்டணம் கேமரா எழுதியது:

புத்தளம் அண்ணன் சொன்னதுல எனக்கு ஒரு இடத்துல மட்டும் மாற்றுக் கருத்து. ரோமர் கட்டடத்தை இவ்வளவு சீக்கிரம் தாண்டிப் போகக் கூடாது. அந்த அரங்கம் கி.பி. 90 வாக்குல கட்டினது, 20,000 பேர் உக்காரலாம். ரோம ஆட்சி போன பிறகு ஊர்க்காரங்க அதையே கோட்டையாக்கி உள்ளே வீடு கட்டிக் குடியேறிட்டாங்க. இருநூறுக்கு மேல வீடும் ரெண்டு சின்னக் கோயிலும் அதுக்குள்ளேயே இருந்திருக்கு. அந்த வீடுகளை 19-ம் நூற்றாண்டுலதான் அகற்றினாங்க. கோட்டையா இருந்த காலத்துல எழுப்பின காவல் கோபுரத்துல மூணு இன்னும் நிக்குது. ஒண்ணுல ஏறினா ஓட்டுக்கூரையும் ரோன் ஆறும் ஒரே சட்டத்துல கிடைக்கும். அப்பா ஏறட்டும், அம்மா கீழே கல் இருக்கையில இருக்கட்டும்.

நான் போனது ஜூலையில, புகைப்படத் திருவிழாவுக்கு. 1970-ல் தொடங்கினது. ஆர்ல்லிலேயே பிறந்த லூசியன் க்ளெர்க் அதைத் தொடங்கின மூணு பேர்ல ஒருத்தர். ஜூலை தொடக்கத்துல இருந்து செப்டம்பர் வரை ஊர் முழுக்கக் கண்காட்சி. பூசை நிறுத்தின பழைய கோயில், மடத்து முற்றம், கடை மாடி, எங்கே கதவு திறந்திருந்தாலும் உள்ளே படம் மாட்டியிருக்கும். படம் எடுக்குற பிள்ளைகள் யாராவது இதைப் படிச்சா ஜூலை முதல் வாரத்துக்குப் போங்க. ஆனா வெயில் கொளுத்தும். அக்கா, உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு ஜூலை வேண்டாம்.

வான் கோ பத்தி யாரும் சொல்லலை. 1888 பிப்ரவரியில வந்து 1889 மே வரைக்கும் இங்க இருந்தார், சுமார் 200 ஓவியம் வரைஞ்சார். அவர் இருந்த மஞ்சள் வீடு 1944 குண்டுவீச்சுல போச்சு. அவரைச் சேர்த்த மருத்துவமனையோட முற்றம் மட்டும் அவர் வரைஞ்ச மாதிரியே பூச்செடி வச்சுப் பராமரிக்காங்க. அம்மாவை அங்கே கூட்டிட்டுப் போங்க, படியில்லாம நேரா உள்ளே போகலாம், காலாற இருக்கலாம்.


நீம் நகரத்து சகோதரி எழுதியது:

அன்புள்ள தேரூர் சகோதரிக்கு, நான் திருவட்டாறு பக்கம். கன்னியர் மடத்தில் இருக்கிறேன், ஆர்ல்லுக்கு அடுத்த நகரம் எங்களுடையது.

உங்கள் அம்மா சாராவைப் பற்றிக் கேட்டால் இதையும் சொல்லுங்கள். திருச்சபை புனிதர் பட்டியலில் சாரா கிடையாது. கோயில் அந்த ஊரில் எழுந்தது யாக்கோபின் தாய் மரியாளுக்கும் சலோமே மரியாளுக்கும். 1448-ல் ரெனே மன்னர் தோண்டச் செய்து கிடைத்த எலும்புகளைத்தான் அந்தப் பேழையில் வைத்திருக்கிறார்கள். சாரா அவர்களுடைய பணிப்பெண் என்பார்கள், கரையில் நின்று அவர்களை வரவேற்றவள் என்றும் சொல்வார்கள். ஜிப்சி மக்கள்தான் அவளைத் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டார்கள். அவளைக் கடலுக்குத் தூக்கிச் செல்லும் வழக்கம் 1935-ல்தான் ஆரம்பித்தது. பரோன்செல்லி என்ற காமார்க் பிரபு அதற்காக அவர்களோடு நின்று வாதாடினார். மே 26 அவர் நினைவு நாள். எனக்கு அந்த மக்களின் பக்தி மேல் பெரிய மரியாதை. எந்த ஊரிலும் அவர்களை இரண்டு நாள் தங்க விடுவதே அபூர்வம். அங்கே அந்த நாட்களில் வீதி அவர்களுடையது.

யாராவது குளிர்காலத்தில் வருவதாக இருந்தால்: நவம்பரிலிருந்து ஜனவரி நடு வரை ஆர்ல்லில் சாந்தோன் என்னும் களிமண் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளின் கண்காட்சி நடக்கும், 1958 முதல் நடக்கிறது. குடிலில் மாட்டுத் தொழுவமும் இடையரும் மட்டும் இருப்பதில்லை, மீன்காரி, கத்தி சாணை பிடிப்பவர், ஊர் மேயர் எல்லாரும் உண்டு. டிசம்பர் 4, புனித பார்பரா நாளில் வீட்டுக்கு வீடு மூன்று சின்னத் தட்டில் கோதுமையை ஊற வைத்து முளைக்க விடுவார்கள். நன்றாகப் பச்சையாக நிமிர்ந்து வளர்ந்தால் வருகிற வருடம் விளைச்சல் நன்றாக இருக்கும் என்று நம்பிக்கை. எங்கள் மடத்திலும் சமையலறை சன்னல் ஓரம் வைக்கிறோம்.


தேரூர் குளத்தங்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வீட்டுல எல்லாரையும் உக்கார வச்சு முழுசும் வாசிச்சுக் காட்டினேன். அப்பா உப்பு பத்தின பகுதியை ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னாங்க. ‘தண்ணி வடிய விடுறது எப்படி, அங்க வடிகால் எங்க போகுது’ன்னு கேக்காங்க. செப்டம்பர் வேண்டாம்னு அவங்களே சொல்லிட்டாங்க. மே 20-ல் இருந்து பத்துநாள்னு முடிவு பண்ணிட்டோம்.

இனி ரெண்டே கேள்வி. அந்த மாட்டு விளையாட்டு என்ன? சாரா சிலை நிலவறையில இருக்குன்னு மகள் சொல்லுதா, அம்மா முழங்காலோட இறங்க முடியுமா?


புத்தளத்துக்காரன் எழுதியது:

அப்பா கேள்விக்கு முதல்ல. வடிகால் தண்ணி தனி வாய்க்கால்ல போகுது. ஒரு பங்கு வக்காரேஸ்னு நடுவுல கிடக்க பெரிய உப்புத்தண்ணி ஏரிக்கு, ஒரு பங்கை இறைச்சுத் திரும்ப ஆத்துக்கே விடுதாங்க. ஏரிக்கு நல்ல தண்ணி எவ்வளவு போகணும்னு விவசாயிகளுக்கும் மீன்காரங்களுக்கும் பறவை பாக்கவங்களுக்கும் ஓயாத பேச்சு. வாடகைக் காரு எடுத்தா அந்த ஏரிக்கரை ரோடு வழியா ஒரு நாள் போங்க, வாய்க்கால் எல்லாம் ரோட்டுல இருந்தே தெரியும்.

மாடு ரெண்டு வகை, நல்லாக் கவனிச்சு வச்சுக்கிடுங்க. சுவரொட்டியில ‘கொரீதா’ன்னு போட்டிருந்தா ஸ்பானிஷ் முறை, மாட்டை அரங்கத்துலயே கொன்னுருவாங்க. ஈஸ்டர் திருவிழாவுலயும் செப்டம்பர் அரிசித் திருவிழாவுலயும் அது உண்டு. அம்மாவைக் கூட்டிட்டுப் போகாதீங்க, நானும் போறதில்லை. ‘கூர்ஸ் காமார்கேஸ்’னு போட்டிருந்தா வேற. கொம்புல ஒரு சின்னச் சிவப்பு நாடாவும் நூல் சுத்தின குஞ்சமும் கட்டி விடுவாங்க. வெள்ளை உடுப்பு போட்ட பையன்மார் கையில ஒரு சின்னக் கொக்கியோட ஓடி அதை எடுக்கணும். மாடு துரத்துனா வேலிக்கு மேல பாஞ்சிருவாங்க. கால் மணி நேரம் முடிஞ்சா மாடு தொழுவத்துக்குத் திரும்பிரும், அடுத்த ஆட்டத்துக்கும் அதே மாடு வரும். சுவரொட்டியில மாட்டோட பேரைத்தான் பெருசாப் போடுவாங்க. பேர் எடுத்த காளை செத்தா சிலை வச்சுக் கும்பிடாத குறை. இதை மட்டும் பாருங்க. உங்க தேதியில சுத்துவட்டத்துல எங்கயாவது நடக்கும், சுற்றுலா அலுவலகத்துல கேட்டாச் சொல்லுவாங்க.

நிலவறை. கோயிலுக்குள்ள பீடத்துக்குக் கீழ இருக்கு, கொஞ்சம் படி இறங்கணும். கூரை தாழ்வு, உள்ளே நிறைய மெழுகுதிரி எரியும், சூடு முகத்துல அடிக்கும், கல்லெல்லாம் கரி பிடிச்சிருக்கும். சாராவுக்கு ஒருத்தர் மாத்தி ஒருத்தர் அங்கி சாத்திச் சாத்தி முகம் மட்டும்தான் வெளிய தெரியும். நேர்ச்சை வச்சவங்க கன்னத்தைத் தொட்டு முத்தம் கொடுப்பாங்க. 24-ந் தேதி அங்க அம்மாவை இறக்காதீங்க, நெருக்கத்துல மூச்சு முட்டும். 22-ந் தேதி காலையில முதல் பஸ்ஸுல போயிருங்க. மகள் ஒரு பக்கம் கையைப் பிடிச்சா நிதானமா இறங்கி, வேணுங்கிற நேரம் நிக்கலாம். சாத்துறதுக்கு ஒரு துணி கொண்டு வரணும்னு அம்மா ஆசைப்பட்டா வடசேரியில ஒரு பட்டுத்துணி எடுத்துக்கிடுங்க, அங்க எல்லாரும் கொண்டு வர்றதுதான். திரும்பி வர்ற வழியில நாலு கிலோமீட்டர்ல போன் த கோன்னு பறவைப் பூங்கா, செங்கால் பூநாரை கூட்டமா நிக்கும், தரை சமமான பாதை. தேரூர்க்குளத்துப் பறவையைப் பாத்து வளந்தவங்க, அரை நாள் ஒதுக்குங்க.

24-க்குக் கடற்கரையில இடம் பிடிக்க மதியத்துக்கு முன்னாலயே வந்துருங்க. மடக்கு நாற்காலி ரெண்டு நான் கொண்டு வாரேன்.